ஈரமாக இருக்க வேண்டிய கரி

1. கண்ணுக்குத் தெரியாத தீ

மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். ஆனால் ஒரு பெண் கையை உதறிக்கொண்டு நிற்பதையும், சுற்றி நிற்பவர்கள் அவள் கரித்தூளைத் தட்டுகிறாள் என்று நினைத்துச் சும்மா பார்ப்பதையும் நேரில் கண்ட பிறகுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

யாங்கூனின் ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில், மருந்துக் கம்பெனிகளுக்கு இடைநிலைப் பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். பர்மாக்காரர்களுக்கு நான் சயாமா. டீச்சரம்மாவுக்கும் மேலதிகாரியம்மாவுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். ஆணாக இருந்தால் சயா. இங்கே இருக்கும் நம் தமிழ் ஆட்களுக்கு நான் லெட்சுமியக்கா. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இனிமேல் வேலைக்குப் போகப்போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ் படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபமாக எழுதியிருக்கிறேனே என்று தோன்றும். கோபமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று காலை மழை விட்டிருந்தது. ஹைட்ரஜனேஷன் ரியாக்டருக்குள் மெத்தனால் ஏற்றியாகிவிட்டது. கரன்ட் இல்லை. கரன்ட் வந்த உடனே ஸ்டிரர் என்ற கலக்கி ஓட வேண்டும், அதற்குள் வினையூக்கியான கேட்டலிஸ்டைப் போட்டு வையுங்கள் என்று மேனேஜரின் உத்தரவு. ஆப்பரேட்டர் மா ஏ நுவே ரியாக்டரின் தலையில் உள்ள மேன்ஹோல் மூடியைத் திறந்து, தட்டில் இருந்த பலேடியம் கரியை அள்ளி உள்ளே கொட்டினாள். கரி கீழே போய்ச் சேர்வதற்குள் சிவந்துவிட்டது. மேன்ஹோல் வாயில் பொசுக்கென்று ஒரு சத்தம். அவள் பின்னால் குதித்தாள். வலது கை முழங்கை வரை எரிந்துகொண்டிருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை.

நான் லேபிலிருந்து படி இறங்கி வந்தபோது அவள் முகத்தைத்தான் பார்த்தேன். "தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். எமர்ஜென்சி ஷவரை இழுத்தார்கள், வரவில்லை. பம்ப் ஓடக் கரன்ட் வேண்டுமே. ஸ்டோர்கீப்பர் காசிம் பாய்தான் குடிதண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் மேல் கவிழ்த்தார். அதற்குள் இன்னொரு ஆள் மேன்ஹோல் மூடியைக் காலால் உதைத்து மூட, உள்ளே காற்றில்லாமல் தீ அணைந்தது. ரியாக்டரில் இருந்த மெத்தனால் முழுவதும் பற்றியிருந்தால் எங்களில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

மேனேஜர் ஊ மியோ லின் கடைசியாக வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்ச் என்ன ஆச்சு?"

2. ஏன் காயவைத்தார்கள்

அவள் கொட்டிய கரி காய்ந்த கரி. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அது ஏன் காய்ந்திருந்தது என்று தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

ஹைட்ரஜனேஷன் என்பது ஒரு மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றுவது. வாயுவைச் சும்மா உள்ளே விட்டால் ஒன்றும் நடக்காது. பலேடியம் போன்ற ஒரு உலோகம் வேண்டும். ஹைட்ரஜன் அதன்மேல் உட்கார்ந்து இரண்டாகப் பிரிந்து, பிறகு பிணைப்பில் போய்ச் சேரும். பலேடியம் விலை அதிகம், அதனால் கரித்தூளின் மேல் கொஞ்சமாகப் படியவைத்து விற்பார்கள். ட்ரம்மில் வரும்போது பாதி தண்ணீராகத்தான், பிசைந்த மாவு மாதிரி ஈரமாக வரும். ஈரமாக இருந்தால்தான் அது சாதுவாக இருக்கும். அந்தத் தண்ணீரே அதற்குக் காவல்.

எங்கள் தொழிற்சாலையில் பல வருஷமாக எத்தில் அசிடேட்டில்தான் இதைச் செய்தோம். எத்தில் அசிடேட் தண்ணீரோடு சரியாகக் கலக்காது. ஈரக் கரியை அதில் போட்டால் கரி தண்ணீரை விட்டு வெளியே வராது. கட்டி கட்டியாகச் சேர்ந்து ரியாக்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். ரியாக்‌ஷன் நகராது. அதனால் பழைய மேனேஜர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: கரியை ஸ்டீல் தட்டில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைத்து, உதிர உதிரக் காயவைத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் எதுவும் காயாத ஊர் இது. தட்டை எங்கே வைத்தால் சீக்கிரம் காயும், எப்போது கிளறிவிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் ஆப்பரேட்டர்களுக்கு அத்துப்படி. மா ஏ நுவே அதில் கெட்டிக்காரி. காய்ந்த கரி எத்தில் அசிடேட்டோடும் ஆபத்துதான். எங்கள் அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுவே முறை ஆகிவிட்டது.

3. சரியான யோசனை, தப்பான அவசரம்

புது மேனேஜர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்ததும் அவர் கண்ணில் பட்டது எங்கள் ரியாக்‌ஷனின் மந்தகதி. எத்தில் அசிடேட்டில் ஒரு பேட்ச் முடிய ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். இப்போது யாங்கூனில் கரன்ட் முறை வைத்துத்தான் வருகிறது. நடுவில் நின்றால் ஜெனரேட்டர், டீசல் கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. பாதியில் நின்ற பேட்ச்களை எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறோம்.

"புரோட்டிக் சால்வென்டுக்கு மாறுவோம். மெத்தனால்" என்றார் மீட்டிங்கில்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த யோசனை சரி. ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் கரைப்பான்தான் புரோட்டிக் சால்வென்ட். தண்ணீர், எத்தனால், மெத்தனால் எல்லாம் அந்த ஜாதி. எத்தில் அசிடேட், ஹெக்சேன் அந்த ஜாதி இல்லை. ஹைட்ரஜனேஷனில் பாதி வழியில் மின்சுமை உள்ள நிலைகள் வரும். புரோட்டிக் கரைப்பான் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும், புரோட்டானைக் கைமாற்றி விடவும் உதவும். அதனால் பல ரியாக்‌ஷன்கள் அதில் வேகமாக ஓடும். பல என்றுதான் சொன்னேன், எல்லாம் என்று சொல்லவில்லை. சிலதில் மெத்தனாலே பொருளோடு போய் ஒட்டிக்கொண்டு காரியத்தைக் கெடுக்கும். ஆல்டிஹைடாக இருந்தால் அசிட்டாலாக மாற்றிவிடும். எங்கள் பொருளுக்கு அந்த வம்பு இல்லை. லேபில் நானே செய்து பார்த்தேன். ஒரு ஷிப்டுக்குள் முடிந்தது, பொருளும் சுத்தம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. மெத்தனால் தண்ணீரோடு முழுக்கக் கலக்கும். ஈரக் கரியை அப்படியே போடலாம், கட்டி பிடிக்காது. காயவைக்கவே வேண்டாம். காயவைக்கவும் கூடாது. காய்ந்த பலேடியம் கரி மெத்தனால் ஆவியையும் காற்றையும் ஒன்றாகக் கண்டால் அங்கேயே இரண்டையும் சேர்த்துவைத்துத் தானும் சிவந்துபோகும். எத்தில் அசிடேட்டில் தப்பித்த மாதிரி இதில் தப்பிக்க முடியாது.

இதை நான் அந்த மீட்டிங்கிலேயே சொன்னேன். "சயா, நம்ம ஆளுங்க கேட்டலிஸ்டைக் காயவெச்சுப் போடுறாங்க. மெத்தனாலுக்கு அது ஆகாது. ஈரமாவே போடணும், உள்ள இருக்குற காத்தை வெளியேத்த முதல்ல நைட்ரஜன் விடணும். எனக்கு அரை நாள் கொடுங்க, ஒவ்வொருத்தர் கையாலயும் செய்யவெச்சுக் காட்டுறேன்."

அவர் சிரித்தார். "சயாமா, அது புரொடக்‌ஷன் வேலை, லேப் வேலை இல்லை. ஆரம்பிக்கிறது அடுத்த வாரம்தானே? நானே அவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

அடுத்த வாரம் வரவே இல்லை. கரன்ட் முறை மாறிவிட்டது, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று அந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. ஆப்பரேட்டர்களை நிற்கவைத்து, இனிமேல் மெத்தனால் என்றார். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

இங்கே வளர்ந்தவருக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். பர்மாக்காரர்களிடம் ஆநாடே என்று ஒரு குணம் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். பெரியவரிடம் கேள்வி கேட்டால் அவர் சொன்னது போதவில்லை என்று ஆகிவிடுமாம். மேனேஜரும் பர்மாக்காரர்தான், இது அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டே சந்தேகம் உண்டா என்று கேட்டு, இல்லை என்று எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

4. "ஞாபகம் இல்லை"

விசாரணை என்று ஒன்று நடந்தது. முதலாளி, மேனேஜர், நான், கையில் பெரிய கட்டோடு மா ஏ நுவே. முதலாளி வயதானவர், அதிகம் பேசாதவர்.

மேனேஜர் சொன்னார், "ஈரமாவே போடணும்னு நான் தெளிவாச் சொல்லியிருந்தேன். இது கவனக்குறைவு."

நான் அவளிடம் கேட்டேன், "உங்கிட்ட அப்படிச் சொன்னாரா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லை சயாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாபகம் இல்லையாம். எந்த மூலையில் வைத்தால் கரி எத்தனை நாளில் காயும் என்று ஞாபகம் இருக்கும், இது மட்டும் மறந்துபோகுமா?

கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு நீக்குவது என்று பேச்சு வந்தது. அப்படிப் போனால் ஆஸ்பத்திரிச் செலவும் அவள் தலையில்தான். அதைவிடக் கொடுமை, தீப்பற்றவைத்தவள் என்ற பேரோடு, மடக்க முடியாத வலது கையோடு வெளியே போனால் ஷ்வேப்யிதாவில் எந்தத் தொழிற்சாலையும் அவளைக் கேட்டுக்குள்ளேயே விடாது. அவள் ஊர் கியாக்தான் பக்கம். அங்கே அவள் அனுப்புவதை நம்பி ஒரு வீடே இருக்கிறது.

ஸ்டோருக்குப் போய்க் காசிம் பாயிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"லெட்சுமியக்கா, நான் அங்க இருந்தேன். ட்ரம் எடுக்க வந்தப்போ அவ கேட்டா, சயா, கரியை முன்ன மாதிரியே காயவெக்கணுமான்னு. மேனேஜரு போனைப் பார்த்துக்கிட்டே, ஆமா ஆமா, முன்ன மாதிரியேன்னாரு. என் காதால கேட்டேன்."

"அப்ப ஏன் பாய் உள்ள வந்து சொல்லல?"

"அவளே ஞாபகம் இல்லைங்கிறாளே. நான் போய்ச் சொன்னா நான்தான் பொய்யன். அவ சொல்லட்டும், நான் பின்னாலயே நிக்கிறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

5. முற்றத்தில் இரண்டு சொட்டு

மறுநாள் முதலாளியை முற்றத்துக்கு வரச் சொன்னேன். மேனேஜரும் வந்தார். சிமென்ட் தரையில் வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டு இரண்டை வைத்து, இரண்டிலும் காய்ந்த கரி ஒரு சிட்டிகை போட்டேன். பக்கத்தில் மணல் வாளி. இதை வீட்டிலோ லேபிலோ செய்து பார்க்கிற வேலை வேண்டாம்.

ஒன்றில் எத்தில் அசிடேட் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மற்றதில் மெத்தனால் விட்டேன். கரி ஓரத்தில் சிவந்தது, உடனே மேலே காற்று நடுங்கியது. முதலாளி குனிந்து, "எங்கே தீ?" என்று கேட்டார். ஒரு காகிதத்தை நீட்டினேன். அது பற்றி எரிந்தது.

"முன்ன மாதிரியே செஞ்சா முன்னால பாதிதான் ஆபத்து. இப்ப முழு ஆபத்து. மாத்தினது அவ இல்லை" என்றேன்.

மேனேஜர் அசரவில்லை. "சயாமா காட்டினது சரிதான். அதனாலதான் ஈரமாப் போடச் சொன்னேன். அவ கேக்கலை."

சொல்லவே சொல்லாத ஒன்றை, என் சோதனையையே சாட்சியாக வைத்துச் சொன்னதாக ஆக்கிவிட்டார். முதலாளி மணலை அள்ளி அந்தச் சாம்பல் மேல் போட்டார். "தடிஞ்சு முடியட்டும், பிறகு முடிவு பண்ணலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

6. கடோ

தடிஞ்சு என்பது மழைக்காலம் முடிந்து வரும் விளக்குத் திருவிழா. அந்த நாட்களில் சின்னவர்கள் பெரியவர்களுக்குக் கடோ செய்வார்கள். முழந்தாளிட்டுக் கும்பிட்டு, உடலாலோ வாக்காலோ மனத்தாலோ உங்களுக்குப் பிழை செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பது. பெரியவர் ஆசி சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வருஷா வருஷம் கேன்டீனில் பாய் விரித்து இது நடக்கும். முதலாளி, மேனேஜர், நான், வேறு சிலர் நாற்காலியில் உட்காருவோம். தொழிலாளர்கள் துண்டும் பழமும் வைத்து வணங்குவார்கள்.

அந்த வருஷம் மா ஏ நுவே வந்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த ஆள், புதுத் தமேன் லுங்கி கட்டி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, இடது கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றாள். நான் எழுந்து போய் அவளைத் தடுத்தேன்.

"உனக்கு வெக்கமா இல்லையா? அவர் கால்ல போய் விழப்போறியா?"

"கடோ செய்யாம இருக்க முடியாது சயாமா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

நேராக மேனேஜர் முன்னால் போய் முழந்தாளிட்டாள். வலது கை மடங்கவில்லை. இரண்டு கையையும் சேர்க்க முடியாமல், கட்டுப் போட்ட கையின் மேல் இடது கையை வைத்துக் கும்பிட்டாள். மேனேஜர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து கத்திவிடுவேனோ என்று எனக்கே பயம்.

அவள் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள். உடலால், வாக்கால், மனத்தால். மற்றவர்கள் அதோடு எழுந்துவிடுவார்கள். இவள் எழவில்லை.

"வாக்கால செஞ்ச பிழை ஒண்ணு இருக்கு சயா. அதைத் தனியாச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும். விசாரணையில ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். அது பொய். எனக்கு ஞாபகம் இருக்கு. காயவெக்கணுமான்னு கேட்டேன். முன்ன மாதிரியேன்னு சொன்னீங்க. பெரியவங்க முன்னால பொய் சொன்னதுக்கு என்னை மன்னிக்கணும்."

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லாத பேச்சு. குனிந்த தலை நிமிரவில்லை. பின்வரிசையில் காசிம் பாய் எழுந்து நின்றார்.

"நானும் கேட்டேன் முதலாளி. ஸ்டோர் வாசல்ல."

கடோ செய்தவருக்குப் பெரியவர் ஆசி சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது வழக்கமில்லை. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். முகம் கறுத்துப்போயிருந்தது. அவள் முழந்தாளிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முதலாளிதான் பேசினார். "உடம்பு சீக்கிரம் குணமாகட்டும் மகளே. ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கம்பெனியோடது. கை சரியானதும் உன் இடத்துக்கு வா." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீங்க சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க."

அந்த ரூமில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மேனேஜரை வேலையை விட்டு அனுப்பவில்லை. படித்தவர், சிங்கப்பூரில் இருந்தவர், வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் சமாதானம் இல்லை. அவள் வாயாலேயே மன்னிப்புக் கேட்டுத்தான் அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அவளிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். "உண்மையைச் சொல்ல எனக்கு வேற வழி தெரியலை சயாமா" என்றாள்.

நான் கேட்ட அரை நாளையும் அப்புறம்தான் கொடுத்தார்கள். நைட்ரஜன் முதலில், ஈரக் கரி அடுத்து, பிறகுதான் கரைப்பான் என்று வரிசையையே மாற்றி, ஒவ்வொருவர் கையாலும் செய்யவைத்தேன். மெத்தனால் இன்றும் அங்கே ஓடுகிறது. வேகமாக, சுத்தமாக ஓடுகிறது.

பிள்ளைகளே, நீங்கள் சால்வென்டை மாற்றுவீர்கள், கேட்டலிஸ்டை மாற்றுவீர்கள், அதற்குத்தான் படிக்கிறீர்கள். ஒன்றை மாற்றினால் கீழே இறங்கிப் போய், பழையதற்காக அந்தக் கைகள் என்னென்ன பழகி வைத்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்டால் இந்த ஊரில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

மா ஏ நுவே இப்போதும் அதே ரியாக்டரில்தான் இருக்கிறாள். கையில் தோல் வேறு நிறமாக வளர்ந்திருக்கிறது, விரல்கள் முக்கால்வாசி மடங்குகின்றன. நான் வேலையை விட்ட நாள் வரை, காலையில் மேனேஜர் கேட்டுக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்பவள் அவள்தான். நான் சொன்னதில்லை.